இரண்டு வாசல்களுக்கு ஒரு பயணம்

நம்முடைய பெருநாள்கள் பிறையைப் பார்த்து வருகின்றன. பள்ளிக்கூடங்களின் விடுமுறையோ கதிரவனைப் பார்த்து வருகிறது. ஹிஜ்ரி ஆண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆதலின் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, கோடையில் ஒருகால், மழையில் ஒருகால், தேர்வு நடக்கும் வாரத்தில் ஒருகால் என்று வந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அரசு நாள்காட்டியில் அதற்குரிய விடுமுறை ஒரே நாள். தொழுகைக்குப் போய்வரவும், அண்டை வீடுகளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பவும் அந்த ஒரு நாள் சரியாகிவிடும். 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இரத்த பந்தத்தைச் சென்று காண அது போதாது. எனவே தாம்பரத்திலும் அதனைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் நம்மவர்களுக்கு, அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் கிறிஸ்துமஸ் விடுமுறையே உறவினரைக் காணும் காலமாக அமைந்துவிட்டது. ஈஸா நபி (அலை) அவர்களை இறைத்தூதராக ஏற்றுப் போற்றும் நாம், அவர்களின் பிறந்தநாளைப் பெருநாளாகக் கொண்டாடுவதில்லை. ஆயினும் அந்நாளின் பெயரால் கிடைக்கும் ஓய்வைக் கொண்டுதான் நம் மார்க்கம் வலியுறுத்தும் ஒரு கடமையை நிறைவேற்றிக்கொள்கிறோம்.

தாம்பரத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு இங்கே வந்தது 1937-இல். மறு ஆண்டு டிசம்பரில் உலகின் பல நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்துவ சமயப் பணியாளர்கள் இங்கே கூடி மாநாடு நடத்தினர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் அவர்களுக்குத் தாம்பரத்திலேயே கழிந்தது. இன்றும் டிசம்பர் பிறந்தவுடன் எங்கள் தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஊருக்குப் புறப்படும்போது வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும். எங்களுக்கென்று மது சேராமல் தனியே ஒரு கேக் செய்து, அதன்மேல் அடையாளமாக ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து அனுப்புவார். அந்தப் பேரீச்சம்பழம் யாருக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் ஆண்டுதோறும் வழக்கு நடக்கும்.

அந்த வாரத்தில் பள்ளிவாசலில் சஃப்புகள் குறைந்துவிடும். தோல் வணிகத்தின் பொருட்டுப் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் நாகல்கேணியிலும் குடியேறிய குடும்பங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று மேற்கே போய்விடும். கடற்கரைக்காரர்கள் தெற்கே நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் என்று பிரிவார்கள். எங்கள் பாதை பரங்கிப்பேட்டைக்கு.

ஃபஜ்ரு தொழுதவுடன் புறப்படுவது வழக்கம். தேசிய நெடுஞ்சாலையின் எண்ணை எத்தனை முறை மாற்றினாலும் எங்களுக்கு அது ஜி.எஸ்.டி. சாலைதான். முன்பெல்லாம் பெருங்களத்தூரைக் கடப்பதே ஒரு பெரும்பாடு. தென்மாவட்டப் பேருந்துகளுக்காகச் சாலையின் பாதி வரை மூட்டை முடிச்சுகளோடு மக்கள் நிற்பார்கள். கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு அந்த நெரிசல் சற்றே தெற்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சுங்கச் சாவடிகளில் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஆனால் விடுமுறை நாள்களில் வரிசையில் நிற்க வேண்டிய தேவை போகவில்லை.

மார்கழிப் பனியில் அந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். கருப்பு உடையில் சபரிமலைக்குப் போகிறவர்கள், சிவப்பு உடையில் மேல்மருவத்தூருக்கு வருகிறவர்கள், கூரையில் நட்சத்திரம் கட்டிய வேன்களில் வேளாங்கண்ணிக்கு விரைகிறவர்கள், இவர்களுக்கிடையே தொப்பியும் புர்காவுமாக நாங்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அப்பால் பாலாறு, அடுத்து மதுராந்தகத்துப் பெரிய ஏரி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பிள்ளைகள் மதுராந்தகத்து நீரைக் கடலென்றே நினைப்பார்கள். அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதா கோயிலுக்கு வருவோரின் வண்டிகளால் கொஞ்சம் தாமதம். திண்டிவனத்தில் திருச்சிச் சாலையை விட்டு இடப்புறம் திரும்பிவிட்டால், புதுச்சேரியும் கடலூரும் கடந்து உப்புக் காற்று முகத்தில் படத் தொடங்கும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக இயலவில்லை. ஒருமுறை திரும்பும் வழியில் மஃக்ரிபுக்கு நேரமாகிவிட்டது. ஆண்கள் சாலையோரப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டோம். பெண்கள் ஒளு செய்யவோ தொழவோ அங்கு இடமில்லை. சற்றுத் தொலைவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், குடிலும் நட்சத்திரமும் வைத்து அலங்கரித்திருந்த அதன் உரிமையாளர், தம் அலுவலக அறையை ஒழித்துக் கொடுத்து, மேசை மேலிருந்த குழந்தை இயேசுவின் படத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். பயணிகளுக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; தொழ ஓர் இடம் தர வேண்டியது நம் பொறுப்பு. நெடுஞ்சாலையோரம் மினாராவை உயர்த்திக் கட்டுகிற பெரியவர்கள், பெண்களுக்கென்று பத்தடி அகலத்தில் ஓர் அறையையும் வரைபடத்தில் சேர்த்தால் என்ன?

பரங்கிப்பேட்டை பழைய துறைமுகம். போர்த்துகீசியர் வந்ததால் இப்பெயர் பெற்றது. மஹ்மூது பந்தர் என்ற பெயரும் அதற்கு உண்டு. 1781-இல் ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் நடந்த போரால் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. ஆனால் எங்களுக்கு அந்த ஊரின் வரலாறெல்லாம் ஒரு சுவரில் அடங்கியிருக்கிறது.

எங்கள் வாப்பாவுக்கு ஒரு தங்கை, ஒரு தம்பி. பாட்டனார் விட்டுச் சென்ற வீட்டில் வாப்பா தம் பங்கை அவ்விருவருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார். அவர் இருந்தவரை பிரிவினைப் பேச்சே எழவில்லை. 2001-இல் அவர் வஃபாத்தானார். மறு ஆண்டே வீட்டை அளந்தார்கள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் யாருக்கும் ஐயமில்லை. அளந்த கயிற்றில்தான் பிணக்கு வந்தது. ஒருவர் கணக்குப்படி கிணறு இந்தப் பக்கம், மற்றவர் கணக்குப்படி அந்தப் பக்கம். முடிவில் முற்றத்தின் நடுவே சுவர் எழும்பிற்று. கிணறு சாச்சாவுக்குப் போயிற்று. மாமி குழாய் போட்டுக்கொண்டார். பாத்திரங்களையும் பிரித்தார்கள். வீட்டில் எந்த விசேஷத்துக்கும் நெய்ச்சோறு ஆக்கிய பெரிய செப்புத் தேக்சா சாச்சா வீட்டுக்குப் போயிற்று. அதன் மூடி மட்டும் எப்படியோ மாமி வீட்டில் தங்கிவிட்டது. கேட்க இவர்களுக்கு மனமில்லை. கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாதிருத்தல் ஆகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இது இருவருக்கும் தெரியும். மாமி ஐந்து வேளையும் தவறாதவர். சாச்சா இரு முறை ஹஜ்ஜு செய்தவர். ஆயினும் தெரிந்த ஒன்றைச் செய்வது எத்தனை கடினம் என்பதை அந்த முற்றத்தில் நின்று பார்த்தவர்களே அறிவார்கள்.

ஆகவே எங்கள் பயணத்துக்கென்று சில விதிகள் உண்டாயின. தாம்பரம் சண்முகம் சாலையில் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்க வேண்டும். ஒரே கடை, ஒரே விலை, ஒரே நிறம். ஒருமுறை மாமிக்குப் பச்சைச் சேலையும் சாச்சி அவர்களுக்கு அதே சேலை நீலத்திலும் எடுத்தோம். நீலத்துக்கு ஜரிகை சற்று அகலம் என்ற செய்தி சுவரைத் தாண்டிப் போய்விட்டது. காரை எந்த வாசலிலும் நிறுத்துவதில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போவோம். பகல் உணவு ஒரு வீட்டில், இரவு உணவு மறு வீட்டில். அடுத்த ஆண்டு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த ஆண்டு எந்த வீட்டில் பகல் உணவு என்பதைக் குறித்துவைக்க எங்கள் இல்லத்தில் ஒரு குறிப்பேடே உண்டு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் அங்கே இருந்தோம். மாமி வீட்டில் இடியாப்பம் உண்டுகொண்டிருக்கையில் தெருவில் கூக்குரல் எழுந்தது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். பரங்கிப்பேட்டை நகரம் சற்று உள்ளடங்கியிருந்ததால் பிழைத்தது. சின்னூர், புதுக்குப்பம், சாமியார்பேட்டை முதலிய மீனவக் குப்பங்களிலிருந்து ஈர உடையோடும் உடையின்றியும் மக்கள் ஓடிவந்தார்கள். தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டதையும், கிறிஸ்துமஸ் வழிபாட்டுக்காக வேளாங்கண்ணிக்குச் சென்ற யாத்திரிகர்கள் பலர் மீளாததையும் பின்னரே அறிந்தோம். வழியில் எங்களை முந்திப்போன நட்சத்திரம் கட்டிய வேன்களை நினைத்து எங்கள் வீட்டுப் பெண்கள் அன்றிரவு உறங்கவில்லை.

பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அந்த மீனவ மக்களுக்கு உணவு சமைத்தளித்துக் காத்ததை அக்காலச் செய்திகள் எடுத்துக் கூறின. செய்தியில் வராத ஒன்றை நாங்கள் கண்டோம். சாச்சா தம் வீட்டு வாசலில் அடுப்புக் கூட்டித் தேக்சாவை ஏற்றினார். அரிசி கொதித்தது, தம் போட மூடி இல்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. மாமி தாமே அந்த மூடியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு தெரு வழியே வந்து தேக்சாவின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, “உப்பு பார்த்தியா?” என்று தம்பியிடம் கேட்டார். “பார்த்தேன் லாத்தா” என்றார் சாச்சா. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதற்சொற்கள் அவை. நான்கு நாள் அந்த அடுப்பு அணையவில்லை. கிணற்று நீரை இரு வீட்டுப் பெண்களும் இறைத்தார்கள். ஐந்தாம் நாள் தேக்சாவைத் துலக்கிக் கவிழ்த்தார்கள். மூடி மாமி வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. ஊரின் துயரத்துக்குத் திறந்த வாய்கள் சொந்தத் துயரத்துக்கு மீண்டும் மூடிக்கொண்டன. இதை எண்ணி எங்களுக்குக் கோபம் வந்ததுண்டு. இப்போது கோபமில்லை. கடல் பொங்கி வந்தும் இடிக்காத சுவரை நாம் இடித்துவிட முடியுமா?

இடிக்க முடியாது, ஆனால் அதன் இருபுறமும் போய்வர முடியும். இருபதாண்டுக்கு மேலாக எங்கள் கிறிஸ்துமஸ் பயணத்தின் வேலை அதுவே. மாமி நேராகக் கேட்கமாட்டார். “அங்கே மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?” என்பார். அந்த ‘அங்கே’ என்பது பத்தடி தூரம். சாச்சாவோ, “கிழக்குப் பக்க ஓடு ஒழுகுது போலிருக்கே, ஆள் அனுப்பணுமா?” என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். நாங்கள் ஆளை ஏற்பாடு செய்வோம்; கூலி யார் கொடுத்தார்கள் என்று மாமி வினவுவதில்லை. மாமி செய்யும் வட்டிலப்பத்தில் ஒரு தட்டு எங்கள் பெயரால் வரும். எங்கள் பையில் சுவரைச் சுற்றிப்போய்ச் சாச்சாவின் இரவு உணவில் இறங்கும். சர்க்கரை நோயுள்ள அவர் அன்றைக்கு மட்டும் அதைத் தள்ளமாட்டார்.

இவையெல்லாம் தொலைபேசியில் நடக்கக்கூடாதா என்று எங்கள் மருமகள் ஒருமுறை கேட்டாள். மாதத்தில் பலமுறை இருவரோடும் முகம் பார்த்தே பேசுகிறோம், ஸலாம் சொல்கிறோம், வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ முபாரக் படங்கள் வந்து குவிகின்றன. ஆனால் கைப்பேசியில் மாமி ஒருநாளும் ‘அங்கே’ என்ற சொல்லை உச்சரித்ததில்லை. அந்தச் சொல் வெளிவர, நாங்கள் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேநீர் ஆறியிருக்க வேண்டும். பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்து, யாரும் எதுவும் சொல்லாத ஒரு நேரம் வர வேண்டும். உறவுக்கு உறவு செய்வது கைம்மாறுதான். துண்டித்தவரோடும் சேர்ந்துகொள்பவரே உறவைப் பேணுபவர் என்ற நபிமொழிக் கருத்தை நாம் மேடைகளில் கேட்கிறோம். அதற்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் ஆகும் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

சென்ற டிசம்பரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பேரன் மாமியின் கட்டிலருகே அமர்ந்து கைப்பேசியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். 2000-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கிறிஸ்துமசை அடுத்த சில நாள்களில் வந்ததாகவும், அன்று குடும்பம் முழுவதும் இந்த முற்றத்தில் ஐந்து சஹன்களைச் சுற்றி அமர்ந்து உண்டதாகவும் மாமி அவனுக்குச் சொல்லியிருந்தார். வாப்பா இருந்த கடைசிப் பெருநாள்களில் அது ஒன்று. “2033-இல் மறுபடியும் அப்படி வரும் பெரியம்மா” என்றான் அவன். “டிசம்பர் 23 வாக்கில். பள்ளிக்கூடம் லீவு. எல்லாரும் இங்கேயே பெருநாள் கொண்டாடலாம்.”

மாமிக்கு வயது 82. சிறிது நேரம் விரல்களை மடக்கிப் பார்த்தார். “இன்ஷா அல்லாஹ், ஹயாத்து இருந்தா பார்ப்போம்” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “மூடி இங்கேதான் கிடக்குன்னு அங்கே சொல்லு” என்றார்.

இரவு உணவுக்குப் போனபோது சொன்னோம். சாச்சா கையிலிருந்த வட்டிலப்பத்தைத் தின்று முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, நாளைக்குச் சுங்கச் சாவடியில் கூட்டம் இருக்குமா, எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள் என்று கேட்டார். ஃபஜ்ருக்குப் பின் என்றோம். காலையில் நாங்கள் தெருமுனைக்குப் பெட்டிகளைத் தூக்கிச் சென்றபோது, கிணற்றடியில் அந்தத் தேக்சாவை நிமிர்த்தி வைத்துப் புளி போட்டுத் துலக்க ஆள் வந்திருந்தது.