பெயரின் விலை

அட்டன் பக்கம் செய்தி சேகரிக்கச் செல்லும்போதெல்லாம் எனக்குப் பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் நினைவுக்கு வரும். அங்கே செய்யப்படும் கிரிக்கெட் மட்டைகளில் பல, வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரோடுதான் உலகக் கடைகளை அடைகின்றன. 2014 உலகக் கிண்ணத்துக்கான காற்பந்துகளும் அங்கே தயாராகின; பந்தில் இருந்ததோ அடிடாஸின் பெயர்.

நமது தேயிலையின் கதையும் இதுவே. 1883 முதல் கொழும்பில் ஏலம் போகும் தேயிலை, நெடுங்காலம் மொத்தமாகக் கப்பலேறி, அந்நிய நாடுகளில் கலக்கப்பட்டு, பிறர் பெயரில் விலைபோனது. 1980களில் மெரில் பெர்னாண்டோ, இங்கேயே பொதிசெய்து 'டில்மா' என்ற சொந்தப் பெயரில் அவுஸ்திரேலியாவில் விற்றுக் காட்டினார். சியால்கோட்டுக்கும் அவ்வழி உண்டு.

ஆனால் பெயர் வந்த பின்னும் கொழுந்து பறிப்பவர்களுள் பலர் லயங்களில்தான் வாழ்கிறார்கள். மட்டை செதுக்கும் கைக்கும் இலாபம் சேராவிட்டால், ஒட்டிய பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?