மண் தின்ற அக்கா

பேதிக்குக் கொடுக்கும் நாள் எங்கள் வீட்டில் சின்னப் பண்டிகை மாதிரி. முதல் நாளே அறிவித்துவிடுவார்கள். விடிவதற்குள் வேப்பங்கொழுந்து உருண்டை, பின்னாலேயே விளக்கெண்ணெய். "கண்ட மிட்டாயையும் தின்னா பூச்சி வராம என்ன செய்யும்?" என்று அப்பத்தா மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். மதியம் ரசஞ்சோறு மட்டும்.

பெரியம்மா மகளுக்கு மிட்டாய் பிடிக்காது. மழை நனைத்த சுவரைச் சுரண்டித் தின்பாள். முகம் வெளுத்து, நாலு படி ஏறினாலே இரைக்கும். மண் தின்றுதான் சோகை பிடித்தது என்று அப்பத்தா முதுகில் வைப்பாள். சோகையாலேயே மண்ணாசை வரலாம் என்று பின்னால் படித்தபோது அந்த முதுகுதான் கண்ணில் நின்றது.

மண்ணிலிருந்து புழு வருவது உண்மைதான். ஆனால் சோகை தரும் கொக்கிப்புழு பெரும்பாலும் கால் வழியாக வரும். 1890களில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் கையில் புழுக்குஞ்சுகள் இருந்த நீர் சிந்தியது. அந்த இடம் அரித்தது; பிறகு அவர் மலத்திலேயே முட்டைகள். புழுக்குஞ்சு தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு குடலுக்கு இறங்கி, அங்கே கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும்.

எங்கள் பெண்கள் வெளிக்குப் போனது கம்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்கு, இருட்டில், வெறுங்காலோடு. நிழலும் ஈரமும் புழுக்குஞ்சுக்குத் தோது. செருப்பு போடலாமே என்பது எளிது. எங்கள் வயலில் நடவு நட்டவர்கள் மேலத்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டார்கள். அதற்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

கண்டிச் சீமைக்குப் போனவர்களுக்கும் இதே கதை. 1910களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மருந்துக்குத் தலையாட்டிய துரைமார் கக்கூஸ் கட்டத் தயங்கினார்கள். இன்று பள்ளிகளில் அல்பெண்டசோல் தருகிறார்கள். 2016 முதல் நாடு முழுக்க அதற்கென்றே ஒரு நாள். நல்ல காரியம். ஆனால் வயிற்றுப் புழுவைத்தான் மாத்திரை கொல்லும், கருவேலங்காட்டுப் புழுவை அல்ல. ஆறு மாதத்தில் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது.

அக்கா தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மண்ணாசை தானாக விட்டுப்போனது. தான் வைத்த அடிதான் வேலை செய்தது என்று அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.