ஊதுகுழலுக்குள் ஒரு குளவி

2022ஆம் ஆண்டு காஸ் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் குசினி மூலையிலும் வெறும் சிலிண்டர்தான் நின்றது. பிறகென்ன, பழைய மண் அடுப்புத்தான். தென்னம்மட்டை, பாளை, பொச்சு எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, கூரை வளையில் செருகிக் கிடந்த ஊதுகுழலை எடுத்தேன். இரவு மழைக்கு விறகு நனைந்திருந்தது. வாயில் வைத்து ஊதினால் காற்றுப் போகவில்லை.

அடுப்புக்கல்லில் தட்டினேன். மண் உடைந்து கொட்டியது. அதோடு ஏழெட்டுச் சின்னச் சிலந்திகள். பின்னாலேயே மெல்லிய கறுத்தக் குளவி ஒன்று வெளியே வந்து என் முகத்தைச் சுற்றியது. குழலைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினேன்.

"உடைக்காதை பிள்ளை. குளவி கூடு கட்டினால் வீட்டிலை குழந்தை பிறக்கும்" என்றார் மாமி.

மகள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்து நாலு வருடம். எத்தனை பேர் எத்தனை விதமாய் இதையே கேட்டுவிட்டார்கள்! அவள் தலை நிமிரவில்லை.

"அதுக்கு ஒரு ஓட்டை கிடைச்சுது, கட்டினது மாமி" என்றேன்.

சிலந்திகள் செத்தவை என்றுதான் நினைத்தேன். மகள் வந்து ஒன்றை ஈர்க்கால் தொட, அதன் கால் மெல்ல அசைந்தது. குளவி கொட்டினால் சிலந்தி உடனே சாகாது. அசைய முடியாமல் போகும். தாய்க்குளவி அவற்றை அறைக்குள் அடுக்கி, ஒரு முட்டை இட்டு, மண்ணால் வாயை அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தக் கெடாத இரையைத் தின்று வளர்ந்து குளவியாகும். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று சொல்கிறோமே, கொட்டுப்படுவது வேறு, வெளியே வருவது வேறு.

"உயிர் இருக்கு அம்மா" என்றாள் மகள். எனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது. 2009இல் பதுங்குகுழிக்குள் காலை நீட்ட இடமில்லாமல் நாங்கள் கிடந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது.

இந்தக் குளவி தனியே வாழ்வது. கையால் அமத்திப் பிடித்தாலொழிய லேசில் கொட்டாது. மரத்திலும் கூரையிலும் கூட்டமாய் இருப்பவைதான் ஆபத்து. அவை கொட்டி முகம் வீங்கி மூச்சு முட்டினால், சுண்ணாம்பு தடவிக்கொண்டு இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மகள் குழலை எடுத்து, மிச்ச அறைகள் உடையாமல், திரும்ப வளையில் செருகினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சுளகால் விசிறி அடுப்பை மூட்டினேன். அன்றைக்குப் புட்டு அவிய ஒன்பது மணியாகிவிட்டது.