படியைத் தேய்த்துவிடாதே

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்துகொண்டிருக்கும் மாதிரி நீர்விமானத்தின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் ஓரிடத்தில் தட்டியது.

"தாத்தா, இங்க மட்டும் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு படி நிக்குது. வாட்டர் பேப்பர் போட்டு எடுத்துரவா?"

சொல்லும்போதே தாளைக் கையில் எடுத்துவிட்டாள். "இரு கண்ணு" என்று நிறுத்தி அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். குழாயை மெல்லத் திறந்து, ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் முதுகை மட்டும் தண்ணீரில் தொடச் சொன்னேன். தண்ணீர் கரண்டியை வெளியே தள்ளும் என்றுதான் நினைத்தாள். அது உள்ளே இழுத்துக்கொண்டது. நம்பாமல் நாலைந்து தடவை செய்து பார்த்தாள்.

வளைவும் வழவழப்புமாக எது வந்தாலும் தண்ணீர் இப்படித்தான் கவ்விக்கொள்ளும். படகு என்றால் பரவாயில்லை. பறக்க வேண்டிய படகை அது விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் அந்தப் படி. விமானம் வேகமெடுக்கும்போது, அடிப்பாகத்தை ஒட்டி ஓடிவரும் தண்ணீர் அந்த விளிம்பில் சட்டென்று பிரிந்துவிடும். பின்னால் உண்டாகும் இடைவெளியில் காற்று புகும். பிடி தளரும். கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீரிலிருந்து கிளம்புவதுதான் இந்த விமானங்களுக்குக் கஷ்டம். சிற்றலை இருந்தால் எளிதாக எழும்பும். அதனால் அமைதியான நீரில் முன்னால் ஒரு மோட்டார் படகை ஓடவிட்டு அலை கிளப்புவதும் உண்டு.

நான் செய்வது கேட்டலினா. 1935-இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க விமானம். இறக்கை நுனிக்கு நுனி 32 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1,200 குதிரைத்திறன் என்ஜின்கள் இரண்டு. என் மேசையில் இருப்பது 48-இல் ஒரு பங்கு, அதாவது 66 சென்டிமீட்டர் இறக்கை. இறக்கையைத் தாங்கும் தூணுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து என்ஜின்களைக் கவனிப்பார். அவருக்கு முன்னால் உள்ள மீட்டர்களுக்கு வயர் இழுக்க, பழைய ஹெட்ஃபோனைப் பிரித்து அதன் மெல்லிய செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு தூணுக்கே மூன்று வாரம் ஆனது.

செங்குன்றம் ஏரியை இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாகத்தான் உங்களுக்குத் தெரியும். 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, அங்கே பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் வந்து இறங்கின. அப்போது என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஒன்று வந்து நின்றதை, கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதுகூடக் கையால் வரைந்து காட்டுவார். அவருக்காகத்தான் முதல் கேட்டலினாவைச் செய்தேன்.

அதில்தான் ஒரு தப்பு நடந்தது. இரண்டு பாதி உடலையும் ஒட்டி, இணைப்பில் பட்டி வைத்தபோது, அச்சில் வந்த குறை என்று எண்ணி அந்தப் படியையும் நிரப்பினேன். மூன்று நாள் தேய்த்தேன். மீன் வயிறு மாதிரி வழவழவென்று வந்தது. கரையேற்றி நிறுத்திய கேட்டலினா ஒன்றின் படத்தைப் பிறகு பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அப்பாவுக்கு நான் கொடுத்தது தண்ணீரை விட்டு எழும்பவே முடியாத விமானம்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு, இதே போல நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். ஃபவுண்டரிக்கு, வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மரப் பேட்டர்ன் செய்யும் பட்டறையில் நான் மேஸ்திரியாக இருந்தபோது ஒரு பையன் வேலைக்கு வந்தான். டிராயிங்கைக் கொடுத்தால் உடனே உளியைத் தொட மாட்டான். அதையே ஒரு நோட்டில் திரும்ப வரைவான். அரை மணி நேரம் போகும். எனக்கு அது சோம்பலாகப் பட்டது. எல்லார் முன்னாலும் நோட்டைப் பிடுங்கி மேசைக்குள் போட்டேன். அடுத்த மாதம் அவன் செய்த இரண்டு பேட்டர்ன்கள் இடம் வலம் மாறி வந்தன. அந்த அரை மணியில்தான் அவன் மனசுக்குள் உருவத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறான். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நோட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு நான் பக்கத்தில் வந்தால் அதை மூடிவிடுவான். அந்த நோட்டு மூடும் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

இப்போது மேசையில் இருப்பது இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து பறந்த விமானம். கனடா விமானப்படையின் 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று, லியனார்ட் பர்ச்சால் ஓட்ட, ஒன்பது பேர் விடியுமுன் கிளம்பினார்கள். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பகல் முழுக்கக் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. சாயங்காலம் நெருங்கும் நேரத்தில் தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. எதிரி என்று அங்கிருந்தபடியே முடிவு கட்டவில்லை, ஒன்றுமில்லை என்று திரும்பவும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். ஜப்பானின் பெரும் கப்பற்படை. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பாய்ந்து ரேடியோ நொறுங்கியது, விமானம் கடலில் விழுந்தது. உயிர் தப்பிய ஆறு பேரும் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தார்கள். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மேல் தாக்குதல் வந்தபோது தீவு விழித்திருந்தது.

அந்த ரேடியோவை மிகச் சிறிய பித்தான்களோடு செய்து உள்ளே வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டபடி பேத்தி விமானத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். வாட்டர் பேப்பர் மேசையில் கிடந்தது. அவள் விரல் வால்பக்கமாக நகர்ந்து, மறுபடி ஓரிடத்தில் தட்டி நின்றது.

"தாத்தா, இங்க இன்னொரு படி இருக்கு. இது எதுக்கு?"