குழிக்குள் ஆள் வேண்டாம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பெரும்பாலும் பிளஷ் பண்ணினால் வேலை முடிஞ்சுது. நகரத்தின் பழைய கழிவுக் குழாய்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் கொண்டுபோய் விடும். அந்தக் குழாய் எட்டாத ஒழுங்கை எங்களுடையது. இங்கே முற்றத்துக்குக் கீழே குழிதான்.

கழிவு குழியின் அடியில் படியும். மேல்தண்ணி அடுத்த குழிக்குப் போய் மண்ணில் ஊறும். மண்டி கூடினால் அதுவும் சேர்ந்து போய் அங்கே அடைக்கும். பொங்கும்வரை பார்த்திருக்காமல் கலி பவுசரைக் கூப்பிடவேண்டியது அதனால்தான்.

பவுசர் வந்ததும் ஜன்னலைச் சாத்துவோம். காசு பேச மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருவோம். போனமுறை ஒழுங்கையில் ஒருத்தர் கேட்டார்: "கூடத் தாறம், உள்ளுக்கு இறங்கி அடிமண்டியையும் வழிச்சு விடுங்கோவன்."

உள்ளே ஐதரசன் சல்பைட்டு இருக்கும். அளவு கூடினால் மூக்குக்கு மணமே தெரியாது. காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை இந்தியா 2013இல் சட்டம் போட்டுத் தடுத்தது, சாவு நிற்கவில்லை. "கூடத் தாறம்" என்று சொல்ல வீடுகள் இருக்கும்வரை எந்தச் சட்டமும் தனியாக நிற்காது.

அடியில் கொஞ்சம் மண்டி கிடந்தால் குடிமுழுகாது. ஹோஸ் எட்டுகிற அளவு போதும் என்று சொல்லப் பழகுவோம்.