பேசோவில் பேசிய வாடகை

தமிழ்ப்பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விருந்தோம்பல் என்னும் குறள் அதிகாரத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. விருந்து படைப்பவன் எப்படி இருக்க வேண்டும், முகம் எப்படி மலர வேண்டும் என்றெல்லாம் விரிவாக விளக்குவேன். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, விருந்தாக வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தென் அமெரிக்க நாடான அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில், மலிவு விடுதி ஒன்றின் மேசை முன் நின்றபோது அந்தச் சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது.

அவ்வளவு தொலைவுக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். தாகூரை முன்னிட்டுப் போனேன். 1924ஆம் ஆண்டு நவம்பரில் பெரு நாட்டு விழாவுக்குப் புறப்பட்ட தாகூர், வழியில் உடல்நலம் குன்றிப் புவெனஸ் அயர்ஸில் இறங்கினார். முதலில் அவர் தங்கியது அந்நகரின் ஆடம்பர விடுதி ஒன்றில். பின்னர் விக்தோரியா ஒகாம்போ என்னும் எழுத்தாளர் அவரைச் சான் இசிட்ரோ என்ற புறநகரில், ஆற்றைப் பார்த்த ஒரு மாளிகைக்கு அழைத்துச் சென்றார். தாகூர் ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே இருந்து, 1925 சனவரியில் கப்பலேறினார். அந்த ஆண்டு வெளிவந்த தம் 'பூரபி' நூலை ஒகாம்போவுக்கு 'விஜயா' என்ற பெயரிட்டுக் காணிக்கையாக்கினார். வகுப்பில் இக்கதையைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆற்றங்கரையை ஒரு முறையேனும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வேரூன்றிவிட்டது. துணைவியார் மறைந்த பின் வீட்டில் என்னைப் பிடித்து வைக்கவும் யாருமில்லை.

ஓய்வூதியக்காரனுக்கு ஆடம்பர விடுதி ஏது? அவெனிதா தெ மாயோ என்பது 1894இல் திறக்கப்பட்ட பெருஞ்சாலை. ஒரு முனையில் அதிபர் மாளிகைச் சதுக்கம், மறுமுனையில் நாடாளுமன்றம். அதிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் நான்கு மாடிப் பழைய கட்டடம். அதுவே என் விடுதி. சூலை 31ஆம் நாள் மாலை, இரண்டு இடங்களில் விமானம் மாறி, நாள் கணக்கே குழம்பிய நிலையில் போய் நின்றேன். நமக்கும் அவர்களுக்கும் 11 மணி நேர வேறுபாடு. நாம் உறங்கப் போகும்போது அவர்கள் காலைக் காப்பி குடிக்கிறார்கள். நமக்கு எப்போதும் வெயில். அவர்களுக்கோ ஆகஸ்டு மாதம் கடுங்குளிர்.

மேசைக்கு அப்பால் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், தோளில் கம்பளிப் போர்வையுடன் அமர்ந்திருந்தார். எனக்கு இசுபானிய மொழி தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு தாளில் 22 என்று எழுதி, பக்கத்தில் டாலர் குறி இட்டார். புறப்படும் முன் நண்பர் ஒருவர் எனக்கு ஓதியிருந்தார்: "அங்கே எதையும் டாலரில் பேசாதே. உள்ளூர்ப் பணத்தில் பேசு. அது கரைந்துகொண்டே இருக்கும். உனக்குத்தான் இலாபம்." அவர் சொன்னதில் தவறில்லை. 2018ஆம் ஆண்டில் மட்டும் பேசோ தன் மதிப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது. நான் பேனாவை வாங்கி, 22ஐ அடித்துவிட்டு, 900 பேசோ என்று எழுதினேன். அன்றைய மதிப்பில் அது 20 டாலர். பதினான்கு இரவு தங்குவேன் என்று விரல்களால் காட்டினேன். அம்மையார் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையசைத்துச் சாவியைக் கொடுத்தார். பணம் புறப்படும் நாளில் கொடுத்தால் போதும் என்று சைகை செய்தார். அப்போது எனக்கு இருந்த பெருமிதத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அறை மூன்றாம் மாடியில். மின்தூக்கி என்பது ஒரு இரும்புக் கூண்டு. மடக்குக் கதவுகள் இரண்டையும் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். யாராவது மேலே கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டால் கூண்டு அங்கேயே நின்றுவிடும், படியேற வேண்டியதுதான். அறையின் கூரை மிக உயரம். மரச்சட்டச் சன்னலைத் திறந்தால் உள்முற்றமும் காய்ந்த துணிகளும் தெரியும். குளியலறையில் தண்ணீர் பீய்ச்சும் பீங்கான் தொட்டி ஒன்று தனியே இருந்தது. அந்நாட்டில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் அது உண்டாம். வெளிநாட்டில் வெறுந்தாளைக் கண்டு கலங்கிய தமிழர்களுக்கு அதன் அருமை புரியும். வெப்பமூட்டி மட்டும் மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரைதான். 2016ஆம் ஆண்டிலிருந்து எரிவாயு, மின்சாரக் கட்டணங்கள் பன்மடங்கு ஏறிவிட்டன என்றும், நாள் முழுதும் சூடேற்றினால் விடுதியை மூட வேண்டியதுதான் என்றும் பின்னர் அறிந்தேன்.

அறிந்தது இரவுக் காவல் பார்த்த இளைஞன் வாயிலாக. அவன் வெனிசுவேலா நாட்டவன். அங்கே பொறியியல் படித்தவன். சொந்த நாட்டில் வாழ வழியில்லாமல் வந்து சேர்ந்தவன். ஓரளவு ஆங்கிலம் பேசுவான். பதிவேட்டில் என் தொழிலைப் பார்த்துவிட்டு என்னைப் 'புரொஃபே' என்றே அழைத்தான். நம்மூர்ப் பிள்ளைகள் 'சார்' என்பதைப் போன்ற அழைப்பு அது. மராக்காய்போவில் இருந்த தாய்க்கு மாதந்தோறும் 40 டாலர் அனுப்புவதாகச் சொன்னான்.

உணவைப் பற்றி ஒரு சொல். மாட்டிறைச்சிக்குப் பேர்போன நாட்டில் நான் பட்டினி கிடப்பேன் என்று மகள் அஞ்சினாள். அப்படி ஒன்றும் நேரவில்லை. எம்பனாடா என்பது நம் கறிபாப்பின் உடன்பிறப்பு. சோளமும் பாலாடைக்கட்டியும் வைத்ததைக் கேட்டு வாங்கலாம். பீட்சாவின் மேல் ஃபைனா என்று கடலைமாவு அடை ஒன்றை வைத்துத் தருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் பாட்டி சுட்ட அடைதான். இரவு ஒன்பது மணிக்கு முன் உணவகங்களில் ஆள் இல்லை என்பதுதான் என் வயிற்றுக்குப் பிடிபடவில்லை.

சான் இசிட்ரோவுக்குப் போய்வந்தேன். மறுகரை தெரியாத, செம்மண் நிறத்துப் பெரிய ஆறு. அதைப் பார்த்தபடி நின்றபோது, தாகூரைவிட ஒகாம்போவே என் நினைவை நிறைத்தார். அம்மாளிகைக்கு வாடகை கொடுக்கத் தம் வைர அணி ஒன்றை அவர் விற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வகுப்பில் இதை நான் சொன்னதே இல்லை.

அன்றிரவு இளைஞனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மையார் மாதே என்னும் கசப்புத் தழைநீரை இரும்புக் குழலால் உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொன்னார். "துறைமுகத்தில் இன்னொரு விடுதி இருக்கிறது, புரொஃபே. அதையும் பாருங்கள் என்கிறார். இவருடைய தந்தை அங்கே தங்கியவராம்" என்றான் அவன்.

மறுநாள் போனேன். குடியேறிகள் விடுதி என்பது அதன் பெயர். 1911இல் திறக்கப்பட்டு 1953 வரை நடந்தது, இன்று அருங்காட்சியகம். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளுக்கு அரசு அங்கே ஐந்து நாள் இலவசமாக இடமும் உணவும் தந்தது. நோயுற்றால் நாள் நீளும். இதற்கு வழிவகுத்த சட்டம் 1876ஆம் ஆண்டினது. அதே 1876இல்தான் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டனுக்குப் போய், மறு ஆண்டு கன்றுகளாக நம் மண்ணை அடைந்தன. ஆசிரியப் புத்தி, ஆண்டுகளைக் கண்டால் முடிச்சுப் போடாமல் இருக்காது. நீண்ட கூடங்கள், வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், பெரிய சன்னல்கள். அம்மையாரின் தந்தை 1920களில் இசுபானியாவின் கலீசியாவிலிருந்து, கையில் ஒரு துணிமூட்டையோடு வந்து அங்கே ஐந்து இரவு உறங்கியவர்.

என் தாத்தா 1928 வாக்கில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். அவரை இறக்கியது ஜெரஜாக் தீவில். நோய் பரவாமல் தடுக்க என்று அங்கே கூலிகளை நாள் கணக்கில் அடைத்து வைப்பார்கள். "மாட்டுக்கு மருந்து அடிக்கிற மாதிரி அடிச்சாங்கடா" என்பார் தாத்தா. அவரும் அதை விடுதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம், யாராவது அப்படிச் சொல்லும்படி நடத்தியிருந்தால். அருங்காட்சியகத்தின் வெளியே, அதே வளாகத்திலுள்ள குடிநுழைவு அலுவலகத்தின் முன் நீண்ட வரிசை. வெனிசுவேலாக்காரர்கள் பலர் என்பதை அவர்கள் கைப்பை நிறத்திலிருந்து அறிந்தேன். மஞ்சள், நீலம், சிவப்பு, அந்நாட்டுக் கொடியின் நிறங்கள்.

ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை. அதிபர் தேர்தலுக்கான முதற்கட்ட வாக்கெடுப்பு. பள்ளிக்கூடங்களில் வாக்குச்சாவடிகள். அம்மையார் கறுப்பு மேலங்கி அணிந்து, உதட்டுச்சாயம் பூசி, வாக்களிக்கப் போனார். ஆளும் அதிபர் பெரும் வேறுபாட்டில் பின்தங்கினார் என்று இரவு தொலைக்காட்சி சொன்னது. அரசியல் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது திங்கட்கிழமை காலையில். வெள்ளிக்கிழமை ஒரு டாலருக்கு 45 பேசோவாக இருந்தது, சில மணி நேரத்தில் 60ஐத் தொட்டது. பணமாற்றுக் கடைகளின் பலகைகளை மக்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் கூச்சலிடவில்லை, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. மின்பொருள் கடைக்காரர் ஒருவர் சன்னலிலிருந்து விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

விடுதிக்குத் திரும்பினேன். இளைஞன் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தாய்க்கு அனுப்பும் 40 டாலருக்கு அதுவரை 1,800 பேசோ. இனி ஏறத்தாழ 2,300. சம்பளம் அதே சம்பளம். அம்மையார் மாதே குடித்துக்கொண்டிருந்தார். 2001 என்று அவர் சொன்னது எனக்கே புரிந்தது. மற்றதை இளைஞன் மொழிபெயர்த்தான். அந்த ஆண்டு திசம்பரில் வங்கிகளில் பணம் எடுப்பதற்குத் தடை வந்தது. கூரையைச் செப்பனிடவென்று அவரும் கணவரும் டாலராகச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பும் அதில் சிக்கியது. 2002இல் டாலர் ஒன்றுக்கு 1.40 பேசோ என்று மாற்றிக் கணக்கிட்டார்கள். அப்போது வெளியே ஒரு டாலர் 3 பேசோவைத் தாண்டிக்கொண்டிருந்தது. கணவர் அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது என்று சொல்லி அவர் சிரித்தார்.

அன்று மாலை இரண்டு ஐரோப்பிய இளைஞர்கள் அறை கேட்டு வந்தார்கள். அம்மையார் தாளில் டாலர் குறியிட்டு எழுதினார். அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். என் வாடகையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டால் கொடுத்துவிடுவது என்று நான் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையும் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

வாடகைக்கென்று நான் எடுத்து வைத்திருந்தது 280 டாலர். செவ்வாய்க்கிழமை பணமாற்றுக் கடையில் எனக்குக் கிடைத்த விலை 55 பேசோ. 230 டாலரை மாற்றியதுமே 12,650 பேசோ கைக்கு வந்தது. பதினான்கு நாள் வாடகை 12,600. ஐம்பது டாலர் தாள் ஒன்று மாற்றப்படாமல் சட்டைப்பையில் தங்கிவிட்டது. நம் பணத்தில் இருநூறு வெள்ளிக்கு மேல். ஒப்பந்தம் பேசோவில்தானே, இருபுறமும் ஒப்புக்கொண்டதுதானே, பேசோ ஏறியிருந்தால் எனக்கன்றோ நட்டம் என்று இரவெல்லாம் வழக்காடினேன். என் வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. இருந்தும் உறக்கம் வரவில்லை. பத்து மணிக்கு வெப்பமூட்டி நின்றது.

புதன்கிழமை காலை மேசையில் பேசோத் தாள்களை வைத்தேன். அம்மையார் எண்ணி, பற்றுச்சீட்டு எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார். என் கை சட்டைப்பை வரை போனது. அந்தத் தாளைக் கொடுத்தால் பிச்சை போடுவதாக எண்ணிவிடுவாரோ என்று ஒரு நினைப்பு. இல்லை, அது பின்னர் நானே கட்டிய நினைப்பு. அந்நேரம் என் மனத்தில் இருந்தது விமான நிலையத்துக்கு வாடகை வண்டி எவ்வளவு கேட்பான் என்னும் கவலை மட்டும்தான். கை திரும்பி வந்தது.

அந்தக் கவலையை முகத்தில் படித்தாரோ என்னவோ, அம்மையார் இளைஞனை அழைத்து ஏதோ சொன்னார். வாடகை வண்டி வேண்டாம், 8ஆம் எண் பேருந்து விமான நிலையம் வரை போகும், நேரம் இருக்கிறது என்றான் அவன். அவனே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்நகரப் பேருந்துகளில் காசு வாங்குவதில்லை. அப்போது பயண அட்டை வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த அட்டையில் பணம் தீர்ந்திருந்தது. பேருந்து வந்ததும் அவன் முன்னே ஏறி, ஓட்டுநரிடம் இடத்தைச் சொல்லி, தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கருவியில் வைத்தான்.

"உன் பணம் எவ்வளவு, தருகிறேன்" என்றேன்.

"என்னுடையது இல்லை, புரொஃபே. செனோராவின் அட்டை" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிக்கொண்டான்.