எங்கே கண்மூடினார்கள்? – வில்கமுவவில் நேரில் கண்டது

கண்டி–மஹியங்கனை வீதியின் 'பதினெட்டு வளைவு' எனப்படும் இறக்கத்தைக் கடந்து, ஹசலகவில் இடப்பக்கம் திரும்பிப் போனால் வில்கமுவப் பிரதேசத்தின் ஹெட்டிபொல வருகிறது. ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலை, மறுபக்கம் மகாவலி, வடக்கே வஸ்கமுவக் காடு. வயலோரமெல்லாம் யானைக்கு மின்வேலி. கண்டிப் பெரியாஸ்பத்திரி வேண்டுமென்றால் இதே வளைவுகளில் நோயாளியை ஏற்றவேண்டும்.

வழியில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி. மரண உதவிச் சங்கத்தார் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உடலை வீட்டில் வைத்து, பிக்குமாருக்கு வெள்ளைத்துணி வழங்கி, கிண்ணம் நிறைந்து வழிய நீர் வார்ப்பது இங்குள்ள முறை. கொவிட் காலத்தில் இவை பெரும்பாலும் நின்றுபோயின.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் பெட்டிகூட வீட்டுக்கு வராது என்று பயந்தோம் மகன்" என்றார் அங்கிருந்த பெரியவர். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொவிட்டால் இறந்தோரின் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கத்துக்கு 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும். 3,600க்கும் மேற்பட்டோர் சொந்த ஊர் மண்ணுக்கு வெகுதூரத்தில் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். கட்டாயத் தகனத்துக்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

2021 ஓகஸ்டில் வார்டுகள் நிரம்பின. பெருந்தொற்றுக் காலத்தில் அரசு வெளியிட்ட மரண அறிவித்தல்களில் ஆஸ்பத்திரிப் பெயர்களுக்கிடையே "வீட்டில்" என்ற சொல்லும் வந்துகொண்டிருந்தது. வில்கமுவ சிறுநீரக நோய் பரவிய பிரதேசமும்கூட. ஊரடங்கால் பஸ் ஓடாத நாளில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டியவருக்குக் கிருமி தொற்றாமலே உயிருக்கு ஆபத்து.

ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020இல் வீட்டு மரணங்கள் முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடின. அவற்றில் பெரும்பாலானவை கொவிட் மரணங்கள் அல்ல. அங்கே மரணத்தின் காரணத்தைப் பெரும்பாலும் மருத்துவர் எழுதுகிறார். நம் கிராமங்களிலோ வீட்டில் இயற்கையாக இறந்தவருக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையை வைத்தே பதிவாளர் பதிகிறார். என்ன நோய் என்பது பெரும்பாலும் வீட்டார் சொல்வதுதான். அப்படி எழுதப்பட்ட பதிவிலிருந்து, வீட்டில் மடிந்தவரை நோய் கொன்றதா, தூரம் கொன்றதா என்று பிரித்தறிவது மிகக் கடினம்.

வீட்டில் சாவது கேடல்ல. பலர் விரும்புவதே அதுதான். வலிக்கு மருந்தும் பக்கத்தில் ஒரு தாதியும் இல்லாமல் சாவதுதான் கேடு. அடுத்த தொற்று வருமுன் வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவக் குழுவும், வீட்டு மரணத்துக்கு மருத்துவர் தரும் சான்றும் வில்கமுவ போன்ற ஊர்களுக்குக் கிடைக்கவேண்டும். சுகாதார அமைச்சு இதை இப்போதே தொடங்கவேண்டும்.